ஹுத்ஹுதின் சொல்லைக் கேட்ட அரசர்



கடை வைத்திருப்போர், பட்டறை நடத்துவோர், நாலு பேரை வைத்து வேலை வாங்குவோர் நம் மஹல்லாக்களில் ஏராளம். அவர்களுக்கு மட்டுமன்றி, வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும், மதரஸாவில் உதவி உஸ்தாதை வைத்திருக்கும் என்னைப் போன்ற ஆலிம்களுக்கும் உரியதொரு விஷயத்தை இம்மாதம் சொல்ல விரும்புகிறேன். நமக்குக் கீழே வேலை செய்பவரின் கையை நாம் கூலிக்கு அமர்த்தியிருக்கிறோம். ஆனால் அல்லாஹுத்தஆலா அவருக்குக் கையோடு அறிவையும் கொடுத்திருக்கிறானே, அதை நாம் என்ன செய்கிறோம்?

பிறரைக் குற்றம் சொல்வதற்கு முன், என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இமாமாகப் பொறுப்பேற்ற இரண்டாவது ஆண்டு. ரமளான் மாதம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சி, அஸர் தொழுகைக்குப் பின் ஊர் மக்களுக்கு வழங்குவது வழக்கம். கொதிக்கக் கொதிக்க அண்டாவைத் தூக்கிவந்து முன்வாசலில் வைப்பார்கள். பிள்ளைகளும் பெண்களும் தூக்குவாளியோடு முண்டியடிப்பார்கள். எங்கள் மோதினார் ஐம்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். முதல் நோன்பன்று அவர் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், ஒரு சின்ன யோசனை. அண்டாவை உள்ளேயே வச்சிட்டு, சின்ன வாளிகள்ல ஊத்திக் கொஞ்சம் ஆறவிடலாம். பக்கத்து வாசலைத் திறந்து குறுக்கே ரெண்டு பெஞ்சைப் போட்டுட்டா, பிள்ளைகள் சூட்டுக்குப் பக்கத்தில வராது” என்றார்.

நான் கிதாபு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, “பல வருஷமா நடந்துவர்ற முறை பாய். இதையெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கும். நீங்க பாங்கு சொல்ற வேலையைப் பாருங்க” என்று சொன்னேன். அவர், “சரிங்க ஹஜ்ரத்” என்று போய்விட்டார்.

பதினோராம் நோன்பன்று கூட்டம் நெருக்கியதில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அண்டாவின் பக்கம் தள்ளப்பட்டான். அகப்பையிலிருந்த கஞ்சி அவன் கையில் கொட்டியது. அந்தப் பிள்ளை அலறிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்தியம் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், கை குணமாகிவிட்டது. தழும்பு மட்டும் போகவில்லை.

அன்றிரவு தராவீஹ் முடிந்த பின் மோதினாரிடம் சென்றேன். “நீங்கள் அன்றே சொன்னீர்களே” என்றேன். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “அல்லாஹ்வின் நாட்டம் ஹஜ்ரத்” என்று மட்டும் சொன்னார். வெட்கத்தோடு, “வேறு ஏதாவது உங்கள் மனத்தில் இருக்கிறதா?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “ஹவுளுப் படிக்கட்டுல பாசி வழுக்குது. தண்ணி வழியிற பக்கத்தை மாத்தினா சரியாயிடும். ரெண்டு வருஷமா மனசில இருக்கு. சொல்லலாமோ வேணாமோன்னு இருந்துட்டேன்.”

இரண்டு வருஷம்! வயோதிகர்கள் வழுக்கி விழுந்த அந்தப் படிக்கட்டுக்கு மருந்து, என்னோடு தினம் ஐந்து வேளை ஒரே ஸஃப்பில் நின்ற மனிதரின் உள்ளத்தில் இருந்திருக்கிறது. அதைப் பூட்டி வைத்தது யார்? அவருடைய பயமா? இல்லை. அந்தப் பயத்தை உண்டாக்கிய நாங்கள்தாம். மறுமை நாளில் பாங்கு சொல்வோரின் கழுத்து உயர்ந்து நிற்கும் என்று ஹதீஸில் வந்திருப்பதை ஜும்ஆ மேடையில் ஓதிக் காட்டியவன் நான். அப்படிப்பட்டவரிடம் ‘பாங்கு சொல்ற வேலையைப் பாருங்க’ என்று சொன்னவனும் நானே.

பறவையும் அரசரும்

அந்த ரமளானிலேயே ‘நம்ல்’ அத்தியாயத்தை ஓதும்போது என் உள்ளம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. நாம் பலமுறை கேட்ட வரலாறுதான். ஸுலைமான் (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிடுகிறார்கள். ஹுத்ஹுதைக் காணோம். தக்க காரணம் காட்டாவிட்டால் கடும் தண்டனை என்று கூறுகிறார்கள். சிறிது நேரத்தில் ஹுத்ஹுத் வந்து சேர்கிறது. வந்ததும் என்ன சொல்கிறது? தாங்கள் அறியாத ஒன்றை நான் அறிந்து வந்திருக்கிறேன், ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்ற கருத்தில் பேசுகிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். கேட்பவர் நபி. ஜின்களும் காற்றும் வசப்படுத்தப்பட்ட அரசர். சொல்வதோ உள்ளங்கை அளவுள்ள பறவை. அதுவும் தாமதமாக வந்த பறவை! நம் கடையில் தாமதமாக வந்த பையன், “முதலாளி, உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்” என்று வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறியவர் பெரியவரிடத்தும், மாணவர் ஆசிரியரிடத்தும், தங்களிடம் இல்லாத செய்தி என்னிடம் இருக்கிறது என்று சொல்லலாம் என்பதற்கு இவ்வசனத்தில் ஆதாரம் இருப்பதாக இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் எழுதுகிறார்கள்.

ஸுலைமான் (அலை) அவர்கள் மூன்று காரியங்களைச் செய்தார்கள். முதலாவது, முழுவதையும் கேட்டார்கள், இடைமறிக்கவில்லை. இரண்டாவது, கேட்டதும் அப்படியே நம்பிவிடவுமில்லை. நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்றார்கள். மூன்றாவது, அந்தச் சோதனையை வேறொருவரிடம் கொடுக்காமல், கடிதத்தை அந்த ஹுத்ஹுதிடமே கொடுத்தனுப்பினார்கள். கேட்பது, சோதிப்பது, சொன்னவரிடமே ஒப்படைப்பது ஆகிய இம்மூன்றின் பலன் என்ன? ஒரு நாட்டின் அரசியே ஈமான் கொண்டார்கள். அன்று அந்தப் பறவையின் வாயை அடைத்திருந்தால்?

அகழ் தோண்டிய திருக்கரம்

இப்போது நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வுக்கு வருவோம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627. மக்கத்துக் குறைஷிகளும் மற்றக் கோத்திரங்களும் ஒன்றுகூடி மதீனாவின் மீது படையெடுத்து வந்தனர். பத்தாயிரம் பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். முஸ்லிம்களோ ஏறத்தாழ மூவாயிரம் பேர். அப்போது, ஊரைச் சுற்றி அகழ் தோண்டும் வழக்கம் எங்கள் பாரசீகத்தில் உண்டு என்று எடுத்துக் கூறியவர் ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள். அரபு நாடு அதுவரை அறியாத முறை அது.

சொன்னவர் யார்? மதீனாவில் குலமோ கோத்திரமோ இல்லாதவர். அண்மையில்தான் அடிமைத் தளையிலிருந்து விடுபட்டவர். அரபுப் போர்க்களத்தில் அவர் இறங்கும் முதல் முறை அது. நம் கணக்கில் அவர் ‘நேற்று வந்தவர்’. அண்ணலார் (ஸல்) அவர்கள் அந்த யோசனையை ஏற்றார்கள். அத்தோடு நிற்கவில்லை, தாமே மண்வெட்டி பிடித்தார்கள். அன்னாரின் திருவயிற்றில் மண் படிந்திருந்ததை பராஉ (ரலி) அவர்கள் கண்டு அறிவித்த செய்தி புகாரீயில் இருக்கிறது. பசியினால் வயிற்றில் கல் கட்டப்பட்டிருந்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். பணியாளின் யோசனையை ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்லிவிட்டு, அதற்கு ஆளும் கொடுக்காமல் பொருளும் கொடுக்காமல் வாளாவிருக்கும் முதலாளி இதைக் கவனிக்க வேண்டும்.

அப்பெரும்படை அகழைக் கடக்க முடியாமல் திகைத்தது. இறுதியில் அல்லாஹ் கடுங்காற்றை அனுப்பி அவர்களைக் கலைத்தான்.

அதேபோல, மஸ்ஜிதுந் நபவியில் மிம்பர் வந்த வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். அன்ஸாரிகளில் ஒரு மாது, தம்மிடம் தச்சுவேலை தெரிந்த ஓர் அடிமை இருப்பதாகவும், தாங்கள் அமர்வதற்கு ஏதேனும் செய்து தரட்டுமா என்றும் பெருமானாரிடம் கேட்டதாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீயில் உள்ளது. இன்று உலகமெங்கும் பள்ளிவாசல்களில் நிற்கும் மிம்பர்களுக்கு மூலமான அந்த மிம்பர், ஒரு பெண்ணின் எண்ணத்தோடும் ஓர் அடிமைத் தச்சரின் கைவேலையோடும் சேர்ந்து வந்தது.

‘புதுமை பித்அத் அல்லவா?’

இதைப் படிக்கும் சிலர் கேட்கக்கூடும்: “ஹஜ்ரத், புதிது புதிதாகச் செய்வது பித்அத் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்?” நல்ல கேள்வி. மார்க்கத்தில் இல்லாததை மார்க்கம் என்று சேர்ப்பதுதான் விலக்கப்பட்டது. தொழுகையின் ரக்அத்தை எவரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வணிகத்திலும் தொழிலிலும் ஹலால், ஹராம் என்ற வேலிக்குள் நின்று எந்தப் புது முறையையும் கையாளலாம்.

இதற்குத் தெளிவான ஆதாரம் முஸ்லிம் ஷரீஃபில் உண்டு. மதீனாவாசிகள் பேரீச்ச மரத்தில் ஆண் பூவைப் பெண் பூவோடு சேர்த்து மகரந்தச் சேர்க்கை செய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அதனால் பயன் இருக்கும் என்று தாம் எண்ணவில்லை என்றார்கள். அதைக் கேட்டு அவர்கள் அவ்வேலையை விட்டுவிட்டார்கள். விளைச்சல் குன்றியது. செய்தி எட்டியபோது, தாம் சொன்னது ஓர் எண்ணமே என்றும், தங்கள் உலக காரியங்களை அவர்களே நன்கு அறிந்தவர்கள் என்றும் அண்ணலார் விளக்கினார்கள். ஸுப்ஹானல்லாஹ்! வஹீ வருகின்ற நபி, மரம் ஏறுகின்ற தொழிலாளியிடம், உன் தொழிலை நீயே நன்கு அறிவாய் என்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம், சரக்கு அடுக்குகிற பையனுக்கு அடுக்கும் முறையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எண்ணுகிறோம்.

வாய் எப்படி அடைபடுகிறது?

நம் கடைகளில் பணியாளின் வாய் ஒரே நாளில் அடைபடுவதில்லை. முதல் தடவை அவன் ஒன்று சொல்லும்போது, ‘சொன்னதைச் செய்’ என்கிறோம். இரண்டாம் தடவை நாலு பேர் முன்னிலையில் சிரிக்கிறோம். மூன்றாம் தடவை, அவன் சொன்னதை நாமே கண்டுபிடித்ததுபோல் வியாபாரிகளிடம் சொல்லிப் பெருமை அடிக்கிறோம். நாலாம் தடவை அவன் வாயைத் திறப்பதில்லை. பிறகு, “இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுப்பே இல்லை” என்று நாம் குறைப்படுகிறோம்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் பெருமானாருக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறைகூடத் தம்மைப் பார்த்து ‘சீ’ என்று சொன்னதில்லை. ஏன் இதைச் செய்தாய், ஏன் அதைச் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். அந்த நிழலில் வளர்ந்த சிறுவர்தாம் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை இந்த உம்மத்துக்கு அறிவித்தவர். பயம் இல்லாத இடத்தில்தான் அறிவு மலர்கிறது.

இதை மற்றவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஜப்பான் நாட்டு டொயோட்டா மோட்டார் கம்பெனியை அறியாதவர் இல்லை. அக்கம்பெனியின் ஈஜி டொயோடா என்பவர் 1950ல் அமெரிக்கா சென்று ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்வையிட்டார். தொழிலாளிகளிடமிருந்து யோசனை பெறும் ஏற்பாடு அங்கே இருப்பதைக் கண்டார். 1951ல் தம் கம்பெனியிலும் அதைத் தொடங்கினார்கள். மேலும், வண்டிகள் பூட்டப்படும் வரிசையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளியும், கோளாறைக் கண்டால் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுத்துத் தெரிவிக்கலாம். உரிய நேரத்தில் சீராகாவிட்டால் அந்த வரிசையே நின்றுவிடும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். எங்கள் மோதினாரின் கையில் அப்படியொரு கயிறு இருந்திருந்தால், அந்தச் சிறுவனின் கையில் தழும்பு இருந்திராது. மஷூராவைத் திருமறையில் ஓதுகிற நாம், அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு நிற்கிறோம்.

முதலாளிமார் செய்ய வேண்டியவை

முதலாவது, கேளுங்கள். காரியங்களில் தோழர்களோடு கலந்து ஆலோசிக்கும்படி அல்லாஹ் தன் நபிக்கே கட்டளையிடுகிறான். ‘ஆலு இம்ரான்’ அத்தியாயத்தில் உள்ள அந்தக் கட்டளை, உஹதுப் போரின் துயரத்துக்குப் பின் இறங்கியது. ஆலோசனை கேட்டு வெளியே சென்று, அதில் சேதமும் ஏற்பட்ட பிறகுங்கூட, ஆலோசிப்பதை விட்டுவிடு என்று இறைவன் சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள், கடை சாத்துமுன் கால்மணி நேரம் பணியாட்களோடு உட்காருங்கள். “இந்தக் கடை உங்கள் கடையாக இருந்தால் எதை மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

இரண்டாவது, சிறிய அளவில் செய்து பார்க்க விடுங்கள். எல்லா யோசனையும் நல்லதாக இராது. ஓர் அலமாரியில், ஒரு வாரத்துக்குச் செய்து பார்க்கட்டும். உதவாது என்று கண்டால், ஏன் உதவாது என்ற காரணத்தை அன்போடு சொல்லுங்கள். காரணம் சொல்லப்பட்டவன் அடுத்த தடவை இன்னும் நன்றாக யோசிப்பான்.

மூன்றாவது, தோல்விக்குத் தண்டிக்காதீர்கள். உங்கள் அனுமதியோடு அவன் செய்து பார்த்ததில் கொஞ்சம் சரக்கு வீணாகிவிட்டால், அதைச் சம்பளத்தில் பிடிப்பது பலருக்கு வழக்கம். உங்களிடம் மட்டும் வேலை செய்யும் பணியாளை ஃபிக்ஹு நூல்கள் ‘அஜீர் காஸ்’ என்கின்றன. அவன் கையிலிருக்கும் பொருள் அமானிதம். அவனுடைய வரம்புமீறலோ கவனக்குறைவோ இல்லாமல் ஏற்படும் சேதத்துக்கு அவன் ஈடு கட்ட வேண்டியதில்லை. அப்படியிருக்க, அவன் கூலியில் கை வைப்பது எந்த வகையில் ஹலால் ஆகும்? முறையாக ஆய்ந்து தீர்ப்புச் சொல்லும் நீதிபதி சரியாகச் சொன்னால் இரண்டு கூலி, தவறிவிட்டாலும் ஒரு கூலி என்று ஹதீஸில் வந்திருக்கிறதே! முயற்சிக்கு அல்லாஹ் கொடுக்கும் மதிப்பை அதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, சொன்னவருக்கே பெயரைக் கொடுங்கள். தாம் செய்யாததற்காகப் புகழப்பட வேண்டும் என்று விரும்புவோரைத் திருமறை கடுமையாக எச்சரிக்கிறது. பணியாளின் எண்ணத்தை உங்கள் எண்ணம் என்று சொல்லிக்கொள்வது இந்த எச்சரிக்கைக்குள் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டும். அவன் யோசனையால் லாபம் வந்தால் கையில் ஏதேனும் கொடுங்கள். குறைந்தது, நாலு பேர் முன்னிலையில் “இது இவர் சொன்னது” என்று வாய் நிறையச் சொல்லுங்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்தன்றோ?

பணியாளருக்கும் ஒரு வார்த்தை

வேலை செய்யும் சகோதரர்களே! யோசனை சொல்வதற்கும் ஓர் அதபு உண்டு. பத்ருப் போரில் படை இறங்கிய இடத்தைக் கண்ட ஹுபாப் (ரலி) அவர்கள், இது அல்லாஹ் காட்டிய இடமா அல்லது போர்த் தந்திரமாகத் தாங்கள் தேர்ந்ததா என்று முதலில் கேட்டார்கள். தந்திரமே என்று அறிந்த பிறகுதான், தண்ணீர்க் கிணற்றுக்கு அருகே செல்வது நல்லது என்று காரணத்தோடு கூறியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நபியவர்களும் ஏற்று இடத்தை மாற்றினார்கள். முதலாளியின் முறைக்குக் காரணம் என்ன என்று முதலில் மரியாதையாகக் கேட்டறியுங்கள். பிறகு தனிமையில் சொல்லுங்கள். ஏற்கவில்லையென்றால் முகத்தைச் சுளிக்காமல் வேலையைத் தொடருங்கள். ஆனால் பிள்ளையின் கை வேகும் ஆபத்து என்று கண்டால் ஒருதடவை சொல்லிவிட்டு ஒதுங்காதீர்கள். மறுபடியும் சொல்லுங்கள். அது உங்கள் மீதுள்ள அமானிதம்.

தாய்மார்களே! உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண், “அம்மா, இதை இப்படி வச்சா நல்லாயிருக்கும்” என்று சொன்னால், பிள்ளைகள் முன்னிலையில் அவளை அதட்டாதீர்கள். நாளை கடை முதலாளியாகப் போகிற பிள்ளை, பணியாளிடம் எப்படிப் பேசுவது என்பதை உங்கள் அடுப்படியில்தான் படிக்கிறான்.

அடுத்த ரமளானில் எங்கள் பள்ளியில் பக்கத்து வாசல் திறந்தது. குறுக்கே இரண்டு பெஞ்சுகள் போடப்பட்டன. வாளிகளில் ஆறவைத்த கஞ்சியைப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். முன்நின்று நடத்தியவர் மோதினார்தாம். கஞ்சி வாங்க வந்த அந்தச் சிறுவன், தழும்புள்ள கையால் தூக்குவாளியை நீட்டினான். மோதினார் அவன் தலையைத் தடவிவிட்டு ஊற்றினார். நான் தூணின் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஹவுளுப் படிக்கட்டும் இப்போது வழுக்குவதில்லை.

நம் பொறுப்பில் விடப்பட்டவர்கள் நம் சகோதரர்கள் என்பதை உணர்ந்து, அவர்களின் கைகளோடு அவர்களின் அறிவையும் மதிக்கும் நல்லுள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! அவர்கள் சொல்லாமல் விட்டதற்காக மறுமையில் நம்மைப் பிடித்துவிடாமல் காப்பானாக! நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!